எரிந்தும் பாடாத இரண்டு வால்வுகள்

நான் குடியிருந்த வீட்டின் ஓனருக்கு என்னைவிட நல்ல காது. இதை முதல் வருடத்திலேயே தெரிந்துகொண்டேன். ஒப்புக்கொள்ள நாலு வருடம் ஆயிற்று. அதற்குள் அந்தக் காது போய்விட்டது.

கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். கீழே காளப்பநாயக்கன்பட்டியில் எங்களுக்குச் சொந்த வீடும் காடு தோட்டமும் உண்டு. வார இறுதியில் இறங்கிப் போவேன், ஞாயிறு காலையிலோ திங்கள் விடியலிலோ ஏறி வருவேன். மலையில் எனக்கு வாடகைக்குக் கிடைத்தது இரண்டு அறை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓனரும் அவர் மனைவியும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். மலையில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, பத்துப் பலாமரம், ஒரு பிக்கப் வண்டி. அந்த வண்டியில் பலாப்பழத்தையும் மிளகு மூட்டையையும் ஆட்களையும் ஏற்றிச் சேந்தமங்கலத்துக்கு இறங்குவார் ஓனர். அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். என்னை 'சார்' என்பார். நான் 'அண்ணா' என்பேன், 'ங்க' போட்டுத்தான் பேசுவேன்.

தனியாக இருப்பவனுக்கு ஏதாவது ஒரு பித்து வேண்டும். எனக்கு வால்வு பிடித்தது, பழைய ரேடியோவுக்குள் எரியுமே அந்தக் கண்ணாடிக் குழல். ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயரை நானே பாகம் பாகமாக வரவழைத்துப் பற்றவைத்துச் செய்தேன். கட்டைவிரல் உயரத்தில் இரண்டு சின்னக் கண்ணாடி வால்வுகள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெரியது. உள்ளே இழை சிவப்பாக எரியும், எரிந்து சூடேறினால்தான் பாட்டு வரும். ஒரே மாதிரி தெரியும் வால்வுகளை வாங்கி வாங்கி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பித்தின் பெரும்பகுதி. ஒன்று இனிக்கும், ஒன்று கரகரக்கும், ஒன்றில் குரல் முன்னால் வந்து நிற்கும் என்று இணையத்தில் எழுதுகிறார்கள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் மூன்று வாரம் ஹெட்ஃபோனில் ஓர் இரைச்சல். மின்சுற்றை எத்தனையோ முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒரு சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போடவா என்று கேட்க வந்த ஓனர், மேசையில் சிவப்பாக எரிவதைப் பார்த்து நின்றார். ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"சத்தம் ரெண்டுங்க சார்."

"ரெண்டா?"

"ஒண்ணு தடியா அடியில ஓடுது. அதுக்கு மேல ஒண்ணு மெலிசா, வண்டாட்டம். அந்த லைட்ட அணைங்க பாக்கலாம்."

மேசை விளக்கை அணைத்தேன். "வண்டு போயிருச்சுங்க," என்றார். மீதி இருந்த தடித்த சத்தத்துக்கு, மின்மாற்றியை வால்விலிருந்து தள்ளித் திருப்பி வைக்கலாம் என்று யோசித்தது அவரில்லை, நான்தான். ஆனால் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொன்னது அவர். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதுங்க." மூன்று வாரத்து வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அதற்குப் பிறகு புதிதாக வந்த ஒவ்வொரு வால்வையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். பென்சிலின் ரப்பர் முனையால் கண்ணாடியை மெல்லத் தட்டுவேன். உள்ளே தளர்ந்த வால்வு என்றால் காதில் வெண்கலக் கிண்ணம்போல அதிரும். எனக்குக் கேட்காத அதிர்வு அவருக்குக் கேட்டது. ஒருமுறை அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். எந்த டப்பாவிலிருந்து எடுத்தது என்பதுவரை சொன்னார். ஒன்றில்கூடத் தப்பவில்லை. அவர் சொன்னதையெல்லாம் நான் எங்கள் இணையக் குழுவில் என் காது சொன்னதாக எழுதினேன். 'உங்களுக்கு அபாரமான செவி' என்று சென்னையிலிருந்து ஒருவர் பாராட்டினார். அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியர் இதை நேரில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பணியாளர் அறையில், "வாங்கறது இவரு, கேக்கறது ஓனரு," என்று சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளே ஒன்று கருகிக்கொண்டிருக்கும். நான் எம்.எஸ்சி. படித்தவன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர், மலைக்காரர். இந்த எண்ணத்தை இப்படி அப்பட்டமாக எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்போது என் மனதில் இருந்தது இதேதான், இதே சொற்களில்தான்.

அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு பதிவு. ஊர்க் கோயில் திருவிழாவில் வாசித்த நாதஸ்வரத்தை நான் போனில் பதிந்திருந்தேன். நாதஸ்வரத்தையும் தவிலையும்விட ஜால்ராக்காரரைத்தான் அவர் ரசித்தார். "பாருங்க, எல்லாரும் எங்கயோ போறாங்க, அந்த மனுசன் மட்டும் எடத்த விட்டு அசையல," என்பார்.

மூன்றாம் வருடம் அவர் மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கினார். மிளகுக்கு நிழல் அதிகமாகிவிட்டதென்று சவுக்குக் கிளைகளை அறுத்தார். பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் கூப்பிட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க அந்த மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளவில்லை. மழை முடிந்து ஒரு நாள் வந்து உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டியவர், நெற்றியைச் சுருக்கினார்.

"ஜால்ரா கேக்கலீங்க சார். வால்வு மங்கிருச்சுங்களா?"

நான் முறையாகத்தான் பார்த்தேன். மலையில் கரண்ட் அடிக்கடி குறையும், குறைந்தால் இழை சரியாகச் சூடேறாது. ஸ்டெபிலைசர் சரியான அளவைக் காட்டியது. மூடுபனியில் வால்வின் கால்கள் பாசி பிடித்தாற்போலக் கறுக்கும். கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கண்ணாடியின் உச்சியில் வெள்ளிப் பூச்சு இருக்கும், காற்று புகுந்தால் அது வெளுத்துவிடும், வெளுக்கவில்லை. கடைசியாக இரண்டு வால்வையும் இடம் மாற்றினேன். கோளாறு வால்வில் இருந்தால் வால்வோடு கூடவே மறு காதுக்குப் போகும். எங்கும் போகவில்லை. அவருக்கு இரண்டு காதிலும் ஜால்ரா இல்லை.

ஹெட்ஃபோனை வாங்கி நான் மாட்டினேன். ஜால்ரா கணீரென்று கேட்டது.

கழற்றி அவருக்கு மாட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி நான் மாட்டினேன். மறுபடி கேட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு ஈடாக அதற்கு முன்னோ பின்னோ எதுவும் வந்ததில்லை. ஒரு மனிதரின் காது செத்துக்கொண்டிருப்பது தெரிந்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், உள்ளுக்குள் குதித்தேன்.

"வால்வுதானுங்க அண்ணா. பழசாயிருச்சு. வேற போட்டுப் பாக்கலாம்," என்றேன்.

இப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புது வால்வு என்று சொல்லி எதையாவது மாட்டுவேன். பல நாள் கழற்றியதையே திரும்ப மாட்டினேன். ஒலியைக் கூட்டுவேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அவர் வால்வைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். நான் புன்னகை செய்தால் "இது தேவலைங்க" என்பார். முகத்தை இறுக்கினால் "கொஞ்சம் மங்கல்தானுங்க" என்பார். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. எப்போது என்று தெரியாது, அந்த மாதங்களில் என் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்துவிட்டது. "கேக்குதுங்களா" என்றிருந்தது "கேக்குதா" ஆயிற்று. அவர் கவனித்திருப்பார். என் உதட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சேந்தமங்கலத்தில் எனக்கும் வேலை இருந்ததால் அவர்கள் வண்டியில் கீழே இறங்கினேன். முன்பெல்லாம் அவர் மனைவி வண்டியில் வரமாட்டார். கொஞ்ச நாளாகத் தவறாமல் வந்தார். அந்த அம்மாள் நடுவில், நான் ஜன்னல் ஓரம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துத்தான் திரும்பும். ஹாரன் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாளின் கை, சேலை மறைவில், ஓனரின் தொடையில் தட்டியது. கீழேயிருந்து வண்டி வந்தால் ஒரு தட்டு. மேலேயிருந்து என்றால் இரண்டு. அவர் உடனே பிரேக்கை மிதிப்பார் அல்லது ஒதுங்குவார். எழுபது வளைவும் இப்படியே இறங்கினோம். நான் பார்த்துவிட்டதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

சேந்தமங்கலத்தில் ஓனர் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் என் பக்கம் வந்தார்.

"சார், யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. தெரிஞ்சா வண்டியில ஒருத்தரும் ஏறமாட்டாங்க. நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆவாதுங்க."

"சொல்லமாட்டேனுங்க அக்கா," என்றேன்.

"சத்தியமாங்க?"

"சத்தியமா."

இரண்டு மாதம் காப்பாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணக்கு ஆசிரியர் என் அறைக்கு வந்தார். அந்த வாரம்தான் வந்திருந்த ஒரு ஜோடி வால்வைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன், பழைய சரக்கு, மிகத் தெளிவு, அப்படி இப்படி. அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "அட விடுங்க சார். ஓனரக் கூப்பிடுங்க. காது அவருதுதான?" என்றார்.

அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. இன்னொருவன் இதற்குச் சிரித்துவிட்டு டீ போடப் போயிருப்பான்.

அலமாரியில் ஒரு தகர டப்பா இருந்தது. செத்த வால்வுகளை அதில் போட்டு வைப்பேன். வால்வு சாவதில் ஒரு வகை உண்டு: இழை வழக்கம்போலச் சிவப்பாக எரியும், கண்ணால் பார்த்தால் குறையே தெரியாது, ஆனால் உள்ளே சத்து வற்றியிருக்கும், ஒரு சத்தமும் வராது. அப்படி இரண்டைத் தேடி எடுத்து மாட்டினேன். சூடேறட்டும் என்று காத்திருந்து நாதஸ்வரத்தை ஓடவிட்டு நானே கேட்டுச் சரிபார்த்தேன். ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

"என்ன சார் பண்றீங்க?" என்றார் கணக்கு ஆசிரியர்.

"சும்மா பாருங்க," என்றேன்.

நான் போய்க் கூப்பிட்டதும் ஓனர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். புது வால்வு, சத்தம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஆனால் சுத்தமாக இருக்கும் என்று சொல்லி, அவர் பார்க்கும்படி போனில் அந்தப் பதிவைத் தொட்டு ஓடவிட்டேன். மாட்டிக்கொண்டார். இரண்டு வால்வும் அழகாக எரிந்தன. முதலில் அவர் முகம் எதையோ தேடியது. கை மெல்லப் போய் ஒலி திருகியைக் கூட்டியது. இன்னும் கொஞ்சம் கூட்டியது. நாங்கள் பார்ப்பதை உணர்ந்து சட்டென நின்றது. போனில் ஓடும் நிமிடங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டத் தொடங்கினார். விரல் மடியில் தாளம் போட்டது.

"ஜால்ரா கேக்குதா?" என்று அவர் கையைத் தொட்டுக் கேட்டேன்.

"கேக்குதுங்க சார். நல்லா கேக்குது. இதுதானுங்க வால்வு."

கணக்கு ஆசிரியர் அந்த ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினார். கழற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். "என்ன சார் இது, ஒண்ணுமே வரல?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

சத்தம் கேட்டு ஓனரின் மனைவி வாசலில் வந்து நின்றார். ஓனர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கும் வாயைப் பார்த்தார். ஹெட்ஃபோனை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு வால்வுகளையே உற்றுப் பார்த்தார்.

"எரியுதுங்களே சார்," என்றார்.

ஹெட்ஃபோனை மேசையில் வைத்தார், எப்போதும் வைப்பதுபோல வயரைச் சுற்றி, பத்திரமாக. எழுந்து போனார். மனைவி போகவில்லை.

"ஏனுங்க சார், நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"ரோட்டுல போறவங்க உசுரு இருக்குதில்லீங்க அக்கா," என்றேன். அந்த நொடியில் தோன்றிய பதில் அது. அதற்கு முன் ஒருநாளும் நான் அதை நினைத்ததில்லை.

"அதச் சொல்றதுன்னா அவருகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே. பாட்டப் போட்டுத்தான் சொல்லோணுமா?"

புதன்கிழமைக்குள் வளப்பூர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிதோறும் அந்த வண்டியில் இறங்கிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். கடையில் அவர் நிற்கும்போது பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பவில்லை என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்தவர்களோ அவர் காதருகே போய்க் கத்தினார்கள். வண்டி பலாமரத்தடியில் நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் கல் வைத்திருந்தார்கள். மிளகு மூட்டையை அவர் தலையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். கண்டக்டர் சில நாள் ஏற்றினார், சில நாள் ஏற்றவில்லை.

பத்து நாள் கழித்து அவரே என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சார், அன்னிக்கு எனக்கு நெசமாவே கேட்டுச்சுங்க."

இதற்கு மேலும் கொடுமை செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கு நேராக நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "வால்வு செத்தது. ஒண்ணும் வரல. கேக்காதத கேட்டேன்னு சொன்னீங்க."

"வால்வு செத்திருக்கலாங்க," என்றார்.

மேசையில் விரல் மடக்கி அந்தப் பதிவை வாசித்தார். நாதஸ்வரம் தனியாக இழுக்கும் இடத்தில் கை சும்மா காத்திருந்தது. தவில் நுழையும் இடத்தில் கட்டைவிரல் விழுந்தது. ஜால்ரா நடுவிலே ஓரிடத்தில் ஒரு தட்டு விட்டுப்போகும், யாரோ குறுக்கே வந்திருப்பார்கள், அதையும் விட்டார். முடித்துவிட்டு என் பதிலுக்காகக்கூட நிற்காமல் போனார். அவர் போன பிறகு போனில் அதைப் போட்டுக் கேட்டேன். அந்த ஒரு தட்டு விட்டுப்போனதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த வாரம் இருவரும் நாமக்கல்லில் காது டாக்டரைப் பார்க்கப் போனார்கள். நானும் துணைக்கு வருகிறேன் என்றேன். "வேண்டாங்க," என்றார் அந்த அம்மாள். திரும்பி வந்த பின், துணி காயப்போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"மெஷினுதான் மொதக் காரணமாம். அப்பறம் டாக்டரு கேட்டாரு, காதுல மாட்டிக்கிட்டு சத்தமா எதாச்சும் கேட்டீங்களான்னு. ஆமாங்கன்னு சொன்னோம். எத்தன நாளான்னாரு. ஏழெட்டு மாசங்கன்னு சொன்னோம். மிச்சம் மீதி இருந்ததும் அதுலதான் போயிருக்கும்னாரு."

ஒலியைக் கூட்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. கொடியில் வேட்டியை விரித்து இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுப் போனார்.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு மலையிலேயே இருக்கும் செம்மேட்டுக்கு மாறினேன். அவர்கள் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சாமான் ஏற்றும்போது ஓனர் வந்து அலமாரியை ஒரு கை பிடித்தார், "பாத்துங்க, கண்ணாடி" என்றார். ஆம்ப்ளிஃபயரை எங்கள் குழுவில் ஒருவருக்கு அனுப்பிவிட்டேன். அதில் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். செவியுள்ளவர் ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

போன மாதம் கீழே இறங்கும் பஸ்ஸில் அவர்களைப் பார்த்தேன். ஓனர் ஜன்னல் ஓரம், மனைவி பக்கத்தில். அவர் காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் கருவி. முன் சீட்டுக்காரர் எதையோ கேட்க, அவர் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் நகர்ந்து நகர்ந்து நான் அவர்கள் சீட்டுக்கு அருகில் வந்து நின்றேன். எவ்வளவோ நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு பேசோணுங்க," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கருவியைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டினார்.

"சொல்லுங்க சார்," என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பஸ் வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் பிடரியைப் பார்த்து, நான் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்திலிருந்தவர்கள் கேட்டார்கள். அவர் மனைவி கேட்டார். நான் முடிக்கும் வரை அந்த அம்மாளின் இரண்டு கையும் மடியில் அசையாமல் இருந்தன.